நாய் இருக்கும் வீட்டில் பறவை வளர்க்கலாமா?

இணையத்தைத் திறந்தால் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இந்த மாதிரி வீடியோ கண்ணில் பட்டுவிடும். ஒரு பெரிய கோல்டன் ரெட்ரீவர் காலை நீட்டிப் படுத்திருக்கும். அதன் தலைமேல் ஒரு காக்டெயில் ஏறி நின்று காது முடியைக் கோதிக்கொண்டிருக்கும். பின்னணியில் மெல்லிய பியானோ. கீழே ஆயிரக்கணக்கில் இதயங்கள். "மனுஷங்கதான் அடிச்சுக்கறாங்க, இதுங்களைப் பாருங்க" என்று யாராவது ஒருவர் தவறாமல் தத்துவம் எழுதியிருப்பார்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முப்பது நொடிக்கு முன்னால் எத்தனை மாதப் பழக்கம் இருந்தது, கேமராவுக்குப் பின்னால் நாயின் கயிற்றை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள், இதெல்லாம் வீடியோவில் வராது. பார்த்துவிட்டு உற்சாகமாகி ஞாயிற்றுக்கிழமை பிராட்வே சந்தைக்குப் போய் ஒரு ஜோடி பறவையோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் ஏற்கனவே ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு காத்திருக்கும்!

நட்பு சாத்தியமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஒரு தம்பதி 2020-ல் ஒரு மேக்பை குஞ்சைக் கண்டெடுத்து வளர்த்தார்கள். மேக்பை என்றால் அந்த ஊரில் காக்கை மாதிரி எங்கும் திரியும் கறுப்பு வெள்ளைப் பறவை. வீட்டில் பெக்கி என்று ஒரு ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் நாய் இருந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டன. மாலி என்ற அந்தப் பறவை நாயைப் போலக் குரைக்கவே கற்றுக்கொண்டது. உலகம் முழுக்கப் பிரபலமான பிறகு, 2024 மார்ச்சில், உரிமம் இல்லாமல் காட்டுப் பறவையை வைத்திருப்பதாகச் சொல்லி அரசுத் துறையிடம் அதை ஒப்படைக்க வேண்டி வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மாநில முதல்வரே ஆதரவாகப் பேசினார். ஏப்ரலில் சில நிபந்தனைகளோடு பறவை வீடு திரும்பியது. அதில் ஒரு நிபந்தனை, இனி அந்தப் பறவையை வைத்துக் காசு பார்க்கக் கூடாது என்பது. (பி.காம் மக்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கவும்.)

ஆனால் மாலியின் எடை முந்நூறு கிராம் பக்கம். குஞ்சாக இருந்தபோதே அந்த நாயோடு வளர்ந்தது. நம்ம வீடுகளில் வளரும் பறவை முப்பத்தைந்து கிராம். வித்தியாசம் இருக்கிறது இல்லையா?

அந்த முப்பத்தைந்து கிராம் ஆசாமியைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பதில் பெரும்பாலானவை லவ் பேர்ட்ஸே கிடையாது. அது பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் காய்ந்த புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும் குட்டிக் கிளி. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காக்காரர். கொஞ்சம் குண்டு, அலகிலும் பலம் அதிகம். காக்டெயில் என்பது கொண்டை வைத்த இன்னொரு ஆஸ்திரேலியர், எண்பது தொண்ணூறு கிராம் இருக்கும். நம்ம ஊர்ப் பச்சைக்கிளி இந்தப் பட்டியலில் வரவே கூடாது. 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பது குற்றம். முனியாவும் அப்படித்தான். சந்தையில் யாராவது துணி மூடிய கூடையைத் திறந்து காட்டி "நல்லாப் பேசும் சார்" என்றால் நடையைக் கட்டிவிடுங்கள். ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ் போன்ற பெரிய இறக்குமதிப் பறவைகளுக்கு 2024-ல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பட்ஜெரிகருக்கும் காக்டெயிலுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

சரி, நாய்க்கு வருவோம்.

நாய் கோபம் வந்து பறவையைக் கடிப்பதில்லை. இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "எங்க வீட்டு நாய் ரொம்ப சாது, குழந்தை வாலைப் பிடிச்சு இழுத்தாக்கூட ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். உண்மையாகவே சாதுவாக இருக்கும். ஆனால் கூரியர்காரரைப் பார்த்துக் குரைப்பது வேறு, படபடக்கும் சிறகைப் பார்த்துப் பாய்வது வேறு. முதலாவது கோபமோ பயமோ. இரண்டாவது வேட்டை. வேட்டையில் கோபமே கிடையாது, வால் ஆடிக்கொண்டுகூட இருக்கலாம்.

ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்ற அமெரிக்கத் தம்பதி 2001-ல் நாய்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். நாயின் வேட்டையை ஒரு சங்கிலி மாதிரி அவர்கள் விளக்குகிறார்கள். இரையைக் கவனிப்பது, வெறித்துப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்லும்படி கடிப்பது, கிழிப்பது. ஓநாயிடம் இந்தச் சங்கிலி முழுசாக இருக்கிறது. மனிதன் நூற்றாண்டுக் கணக்கில் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் ஒவ்வொரு நாயிடமும் சில கண்ணிகள் பெரிதாகிவிட்டன, சில மங்கிவிட்டன. ஆடு மேய்க்கும் பார்டர் கோலி வெறித்துப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், ஆனால் கடிக்கக் கூடாது. லாப்ரடாரும் ரெட்ரீவரும் சுட்டு விழுந்த பறவையைச் சிதைக்காமல் கவ்விக்கொண்டு வரவே உருவாக்கப்பட்டவை. (அந்த வீடியோக்களில் ரெட்ரீவர் அடிக்கடி வருவதன் ரகசியம் இதில் பாதி.) டெரியர்கள் எலி பிடிக்க வந்தவை, கவ்வி ஒரு உதறு உதறினால் கதை முடிந்தது. டேஷண்ட் குட்டையாக, பொம்மை மாதிரி இருக்கும், ஆனால் ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து பேட்ஜரை வேட்டையாட வளர்க்கப்பட்டது. நம்ம சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்துகிறவை, ஓடுகிற பொருள் கண்ணில் பட்டால் போதும். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாயைப் பொறுத்தவரை யாரும் எதையும் வெட்டி ஒட்டவில்லை. பொதுவாகச் சங்கிலி முழுசாக இருக்கும் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

இனத்தை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது. பறவையைத் திரும்பிக்கூடப் பார்க்காத டெரியரும் உண்டு, மைனாவைப் பிடித்துத் தின்ற லாப்ரடாரும் உண்டு. உங்கள் வீட்டு நாய் மொட்டை மாடியில் அணிலைப் பார்த்தால் என்ன செய்கிறது? கீச் கீச் என்று கத்தும் ரப்பர் பொம்மையைக் கொடுத்தால் எத்தனை நிமிடத்தில் வயிற்றைக் கிழிக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் இனத்தின் பெயரைவிட நிறைய விஷயம் தெரிந்துவிடும்.

பெரம்பூரில் ஒரு வீடு. அப்பா, அம்மா, ஆயா, கல்லூரியில் படிக்கும் பெண், பள்ளிக்கூடம் போகும் பையன். மணி என்று ஒரு நாட்டு நாய், ஐந்து வயது. குட்டியாக மழையில் நனைந்து கிடந்ததை அந்தப் பெண்தான் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளேதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி பட்ஜெரிகரும் வாங்கி வந்தாள். நீலம் சிட்டு, மஞ்சள் பட்டு. சின்னக் கம்பிக் கூண்டு, டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல்.

முதல் இரண்டு நாள் மணி அந்த ஸ்டூலுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. குரைக்கவில்லை, தாவவில்லை. வாயை மூடிக்கொண்டு, காதை முன்னால் நீட்டி, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. பிஸ்கட்டை நீட்டினால்கூடத் திரும்பவில்லை. "பாருங்க, எவ்ளோ அமைதியா ரசிக்குது" என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்தப் பெண் அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸிலும் வைத்தாள்.

அது ரசனை இல்லை. மேலே சொன்ன சங்கிலியின் இரண்டாவது கண்ணி. உண்மையில் நிம்மதியாக இருக்கும் நாய் ஒரு தடவை பார்க்கும், முகர்ந்து பார்க்கும், கொட்டாவி விட்டுப் படுத்துவிடும். கூப்பிட்டால் திரும்பும். உடம்பு தளர்ந்திருக்கும். குதித்துக் குரைக்கிற நாயைக் கண்டு எல்லாரும் உஷாராகிவிடுகிறார்கள். சிலை மாதிரி நிற்கிற நாயைத்தான் யாரும் கவனிப்பதில்லை. இரண்டில் அதிகம் பயப்பட வேண்டியது அந்தச் சிலைக்குத்தான்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிறு. அப்பா கூண்டைச் சுத்தம் செய்ய மேலே தூக்கித் திறக்கும் கதவைத் தூக்கினார். சிட்டு கை இடுக்கில் புகுந்து வெளியே வந்துவிட்டது. நல்லவேளை, ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மோதிக் கீழே விழுந்தது. அடுத்த நொடி மணியின் வாயில்.

"மணி, விடு!" என்று அந்தப் பெண் கத்தினாள். மணி விட்டுவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்கிற நாய். பறவை உயிரோடுதான் இருந்தது. எச்சிலில் நனைந்திருந்தது, அவ்வளவுதான். "ஒரு சொட்டு ரத்தம்கூட இல்ல, பயந்துட்டிருக்கும், விடும்மா" என்றார் அம்மா. கூண்டில் விட்டார்கள். தினையைத் தொடவில்லை. சிறகை உப்பிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை காலை கூண்டின் தரையில் கிடந்தது.

முருங்கை மரத்தடியில் புதைக்கும்போதுதான் அவள் சிறகைத் தூக்கிப் பார்த்தாள். இறக்கைக்குக் கீழே, ஊசி குத்தின மாதிரி இரண்டு புள்ளி.

பக்கத்து வீட்டம்மா வந்து, "சில நூறு ரூபாப் பறவைக்கா இந்த அழுகை? இன்னொண்ணு வாங்கிக்கோ கண்ணு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சின்னப் பறவைகள் விஷயத்தில் இருக்கிற பெரிய சிக்கலே இந்தக் கணக்குதான். பறவையின் விலையைவிட டாக்டர் ஃபீஸ் அதிகம், நல்ல கூண்டின் விலை அதைவிட அதிகம். மாற்று வாங்கும் செலவு குறைவு என்பதால் பாதுகாப்புக்குச் செலவு செய்ய யாருக்கும் மனசு வருவதில்லை. நாற்பதாயிரம் ரூபாய் ஃபோனுக்கு முதல் நாளே கவரும் கண்ணாடியும் போட்டுவிடுகிறோம். கூண்டுக் கதவுக்கு ஒரு பத்து ரூபாய் கிளிப் போடுவதில்லை.

சிட்டு ஏன் செத்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம். "லேசாத்தான் கவ்விச்சு" என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நுரையீரலோடு காற்றுப் பைகள் சேர்ந்திருக்கின்றன. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அந்தப் பைகளுக்குள் காற்று போய் வரும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் மூச்சு நின்றுவிடும். நாயின் வாய்க்கு மட்டுமல்ல, ஆசையாக இறுக்கிப் பிடிக்கும் குழந்தையின் கைக்கும் இது பொருந்தும். ரத்தம் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். முப்பத்தைந்து கிராம் பறவைக்கு மூன்றரை மில்லி. அதில் ஒரு மில்லி போனாலே ஆபத்து. உள்ளுக்குள் கசிந்தால் வெளியே தெரியவும் தெரியாது. மூன்றாவது, நாயின் எச்சிலில் இருக்கும் கிருமிகள். ஊசிமுனை ஓட்டை வழியாக உள்ளே போனால் ஒன்றிரண்டு நாளில் உடம்பு முழுக்கப் பரவிவிடும். பூனை கவ்வியிருந்தால் இன்னும் மோசம்.

இதற்கெல்லாம் மேல் பறவைகளுக்கு ஒரு குணம். நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் பலவீனமாகத் தெரிகிற பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும். அதனால் முடிந்தவரை தெம்பாக நடிக்கும். பார்வைக்கே சோர்ந்து தெரிகிறது என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே நாயின் வாய்க்குள் போய் வந்த பறவையை, காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். ஆன்டிபயாடிக் சீக்கிரம் ஆரம்பித்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. அதுவரை காற்றுத் துளை போட்ட சின்ன அட்டைப்பெட்டியில் மெல்லிய துணி விரித்து உள்ளே விட்டு மூடிவிடுங்கள். இருட்டும் வெதுவெதுப்பும்தான் முதலுதவி. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஆளாளுக்குக் கையில் வாங்கிப் பார்க்காதீர்கள். நாய்க்கு ஊசி போடும் எல்லா டாக்டரும் பறவை பார்ப்பதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-லிருந்து இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பறவை வாங்கும் முன்பே யார் பார்ப்பார்கள் என்று விசாரித்து எண்ணை ஃபோனில் ஏற்றிக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தேட ஆரம்பித்தால் கிடைக்காது.

பெரம்பூர் வீட்டில் அன்றைக்கு மணியை யாரும் அடிக்கவில்லை. ஆயா மட்டும் இரண்டு நாள் அதன் தட்டில் சோறு போடாமல் பையனிடம் போடச் சொன்னார். நாய்க்கு அது ஏன் என்று புரிந்திருக்க வாய்ப்பில்லை. அடித்திருந்தாலும் புரிந்திருக்காது. பறவை என்றாலே அடி விழும் என்று மட்டும் பதிந்திருக்கும், அப்புறம் பறவையைப் பார்க்கும்போதெல்லாம் பதற்றம் கூடும். அதனால் இன்னும் ஆபத்துதான்.

மிச்சமிருந்த பட்டு கத்திக்கொண்டே இருந்தது. கூட்டமாக வாழும் பறவை, தனியாக இருக்கப் பிடிக்காது. இன்னொன்று வாங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெண் ஒன்றில் உறுதியாக இருந்தாள். முதலில் ஏற்பாடு, அப்புறம்தான் பறவை.

பழைய வீடு என்பதால் உள்ளறையில் ஊஞ்சல் கொக்கி இருந்தது. ஆனால் தொங்கும் கூண்டு ஆடும், பறவைக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, பெரியவர்கள் கண் உயரத்துக்குக் கூண்டு வைத்தார்கள். நீளவாக்கில் பெரிய கூண்டு, கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்குள். நாய் ஏறி நிற்கக் கூடிய கட்டில், சோபா, மேசை எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். மேலே தூக்கும் எல்லாக் கதவுக்கும் கிளிப். அந்த அறை வாசலில் கொசுவலைக் கதவு. சென்னையில் கொசுவுக்காக எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, அதேதான். மரச்சட்டம் கொஞ்சம் கனமாக, தாழ்ப்பாள் உள்ளேயும் வெளியேயும். ஒரே தப்பு நடந்தால் உயிர் போகிற இடத்தில் இரண்டு தடுப்பு வேண்டும். கூண்டு ஒன்று, கதவு ஒன்று. ஒன்றைத் திறக்கும்போது இன்னொன்று சாத்தியிருக்க வேண்டும்.

பட்டு வெளியே பறப்பது மணி வாக்கிங் போகும் நேரத்தில் மட்டும். காலையில் அப்பா நாயோடு கீழே இறங்கி, கேட் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு கூண்டு திறக்கும். ஃபேன் சுவிட்சில் டேப் ஒட்டியிருக்கிறது. நம்ம வீடுகளில் ஃபேனுக்குப் பலியாகிற பறவைகளைக் கணக்கெடுத்தால் நாய்க்குப் பலியாவதைவிட அதிகமாகவே இருக்கும் போல. "அப்போ இறக்கையை வெட்டிடலாமே" என்பார்கள். வெட்டினால் ஃபேன் வரை போகாது, உண்மைதான். நேராகத் தரைக்கு வரும், நாய் இருக்கிற இடத்துக்கே. எகிறித் தப்பிக்கவும் முடியாது. நாய் இருக்கும் வீட்டில் இறக்கையை வெட்டுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

மணிக்கும் பாடம் நடந்தது. வலைக்கதவுக்கு வெளியே, ரொம்பத் தள்ளி, கயிற்றோடு உட்கார வைப்பது. பறவையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. வெறித்துப் பார்க்க ஆரம்பித்தால் பேசாமல் இன்னும் நாலடி பின்னால். தினம் ஐந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. ஒரு வாரத்தில் ஒரு அடி முன்னால் வந்தால் பெரிய விஷயம். இரண்டு மாதம் கழித்து மணி வலைக்கதவுக்கு வெளியே படுத்துத் தூங்கியது. அதைப் பார்த்துப் பையன், "இப்போ உள்ள விடலாமாக்கா?" என்று கேட்டான். "வேணாம்டா." அவ்வளவுதான் பதில்.

பயிற்சி என்பது தடுப்பு தவறினால் கூடுதலாக ஒன்றிரண்டு நொடி கிடைக்கட்டும் என்பதற்காக. தடுப்பை எடுத்துவிடுவதற்காக இல்லை. சில நாய்கள் எத்தனை மாதமானாலும் மாறாது, கதவடியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் பறவை வேண்டாம் என்பதுதான் சரியான முடிவு. நாய் தொடாமலே பறவை பயத்தில் சாப்பாட்டை விட்டுவிடுவதும் உண்டு. உடம்போடு சிறகை ஒட்டி ஒல்லியாகி அசையாமல் நிற்கிறதா, தன் சிறகைத் தானே பிடுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய கிளி என்றால் கதை தலைகீழ். ஆப்பிரிக்கன் கிரேவின் அலகு நாயின் மூக்கைக் கிழித்துவிடும். அப்போது நாய் பதிலுக்கு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நாய்க்குத்தான் ஆபத்து அதிகம். பறவைகள் மகா ஊதாரிகள். பாதியைத் தின்னும், பாதியை இறைக்கும். கீழே காத்திருக்கும் நாய் நக்கிவிடும். தினை, கம்பு பரவாயில்லை. திராட்சையும் உலர்திராட்சையும் பறவைக்கு ஒன்றும் செய்யாது, நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். காரணம் அதிலிருக்கும் டார்டாரிக் அமிலம் என்று சந்தேகிக்கிறார்கள். 2022-ல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரையில் புளி தின்ற நாய்களுக்கும் இதே பாதிப்பு வந்ததைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். (புளிக்குழம்புச் சோறு போடுகிறவர்கள் யோசிக்கவும்!) சாக்லேட் இரண்டுக்குமே விஷம். வெண்ணெய்ப்பழம் எனப்படும் பட்டர் ஃப்ரூட் பறவைக்கு ஆகாது. இறைந்த தானியத்துக்கு எலி வரும், எலி வந்தால் அதன் மூத்திரம் வழியாக நாய்க்கு எலிக்காய்ச்சல் வரலாம், மனிதர்களுக்கும்தான். அதனால் கூண்டுக்குக் கீழே தினமும் கூட்டியாக வேண்டும். நாய் பறவை எச்சத்தைத் தின்னாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாய்க்கு உண்ணி மருந்து ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் மொட்டை மாடியில். பறவையின் மூச்சு அமைப்பு அப்படி, காற்றில் எது கலந்தாலும் நேராக உள்ளே போய்விடும். அடுப்பில் காய விட்டு மறந்துபோன நான்ஸ்டிக் தவாவின் புகையே பறவைகளைக் கொன்றுவிடும்.

வருடத்தில் மோசமான நாள் தீபாவளிதான். வெடிச் சத்தத்தில் நாய் கண் மண் தெரியாமல் ஓடும். பறவை இருட்டில் பயந்து கூண்டுக் கம்பியில் மோதிக்கொள்ளும், காக்டெயிலுக்கு இது ரொம்ப அதிகம். பயந்த நாய் ஒளிய இடம் தேடிக் கதவை முட்டித் திறந்துகொண்டு வரலாம். பெரம்பூர் வீட்டில் அன்று இரவு வலைக்கதவோடு மரக்கதவையும் சாத்திவிடுகிறார்கள். உள்ளே ஜீரோ வாட்ஸ் பல்பு, கூண்டின் மூன்று பக்கம் போர்வை. மணி சமையலறையில், ஆயாவின் பாய்க்குப் பக்கத்தில்.

பட்டுவுக்கு இப்போது துணை இருக்கிறது. வெள்ளை, பெயர் முத்து. வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்து விற்கும் ஒருவரிடம் வாங்கினார்கள். ஒரு மாதம் தனிக் கூண்டில், தனி அறையில் வைத்து நோய் ஏதும் இல்லை என்று பார்த்த பிறகுதான் பட்டுவோடு சேர்த்தார்கள்.

போன பொங்கலுக்கு எல்லாரும் திண்டிவனம் பக்கம் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று நாள். மணியையும் பறவைகளையும் பார்த்துக்கொள்ளச் சித்தி பையன் வந்தான். அந்தப் பெண் ஒரு முழு வெள்ளைத்தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாள். முதலில் மணியைச் சமையலறையில் விட்டுச் சாத்து. அப்புறம் வலைக்கதவு. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் கூண்டு. தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுக்காதே, ஜாடியால் ஊற்று. கூண்டுக் கதவு ரெண்டுக்கும் கிளிப் போட்டதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. தினம் ஆறு படம் வந்தது. ஒரு படத்தில் கிளிப் ஒன்று சரியாக மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஃபோன் போட்டு, அவனைத் திரும்ப உள்ளே அனுப்பி, மாட்ட வைத்து, இன்னொரு படம் வாங்கிய பிறகுதான் வைத்தாள்.